அரைப் பேர்

பதினேழு கிலோவுக்கு ஒரு பேர்.
அதற்குக் கீழே போனால் அரைப் பேர்.
ஆலமலைத் தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் சம்பளம்.
என் தொழிலில் பேர் என்றால் பேர்தான்.
இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும் என்று
ஆகஸ்ட் வரை நான் நினைத்ததில்லை.

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே
ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடி.
அங்கிருந்துதான் கோத்தேன்
தராசுக் கம்பனி கொழும்பிலிருந்து அனுப்பிய நூலகத்தையும்
சம்பளத்துக்கு நானே எழுதிய நூலகத்தையும்.
அவர்களுடையதில் ‘கழிவு’ என்றொரு செயற்கூறு:
சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கும்.
என்னுடையதிலும் ‘கழிவு’:
சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டுக் கழிக்கும்.
கழிப்பதற்குக் கழிவு என்று வைக்காமல்
வேறென்ன வைப்பது?

ஒரே பேரில் இருவர் வந்தால்
லிங்கர் கத்தும் என்று படித்திருந்தேன்.
சில வேளை கத்தாது.
வரிசையில் முன்னால் நின்ற கழிவைக் கூப்பிட்டு
வேலையில் இறக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.
முன்னால் நின்றது என்னுடையது.

சோதிக்காமல் இல்லை.
கீழே கடையில் இரவல் வாங்கிய ஆணிப்பெட்டி
பன்னிரண்டரைக் கிலோ.
பன்னிரண்டரையில் நூற்றுக்கு எட்டு
மிகச்சரியாக ஒரு கிலோ.
உலகத்தில் அந்த ஓர் எடைக்கு மட்டும்தான்
இரண்டு கழிவும் ஒரே விடை சொல்லும்.
அதைத் தேடிப்பிடித்துத் தூக்கி வைத்திருக்கிறேன்.

வீ. சந்திரகாந்தி, செக்ரோல் இருநூற்றுப் பதினாலு.
கொழுந்து பதினெட்டுக் கிலோ நானூறு.
சாக்குப் போகப் பதினேழு நானூறு, முழுப் பேர்.
என் நிரல் போட்டது
பதினாறு கிலோ தொள்ளாயிரத்து இருபத்தெட்டு.
எழுபத்திரண்டு கிராமில் அரைப் பேர்.
மழை நாளில் இலையில் ஒட்டிய தண்ணீரே
அதைவிடக் கூட இருக்கும்.

கூட எடுத்தவளுக்குக் கூட வெட்டு.
பத்துக் கிலோ எடுத்தவளுக்கு இருநூறு கிராம் இலாபம்,
ஆனால் அவளுக்கு எப்படியும் அரைப் பேர்தான்.

மாடிப்படி ஏறி வந்தாள். செருப்பெல்லாம் சேறு.
“மூட்டைக்கு ஒரு கிலோ திங்கிறீங்க, பழகிப்போச்சு.
மேல ஒரு அரைக்கிலோ போவுதே, அது யாருக்கு?”
மெஷின் பிழைக்காது என்றேன்.
கீழ்ப்பிரிவிலும் ஒரு வீ. சந்திரகாந்தி உண்டு,
கணக்கு மாறியிருக்கும் என்றேன்.
“அவ தண்ணிமல சந்திரா. நான் கோயில்மல சந்திரா.
கங்காணிக்கே தெரியுது.”

அன்றிரவு கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது.
மூன்றாம் தரம் வந்தபோது கண்டுபிடித்துவிட்டேன்.

கம்பனிக்காரன் மூலநிரல் தரவில்லை;
அவன் கழிவை நான் தொட முடியாது.
என்னுடையதற்குத்தான் முன்னால் ஏதாவது ஒட்ட வேண்டும்.
‘ச’ போதுமா? சம்பளத்துக்கும் ச, சந்தாவுக்கும் ச,
சங்கத்துக்கும் ச.
வெறும் அடிக்கோட்டில் தொடங்கலாமா?
கூடாது. அது மொழியைச் செய்தவர்களுக்கு ஒதுக்கியது,
துரை பங்களாவுக்கு ஏறும் ரோட்டைப் போல;
நடக்கலாம், பிறகு பதில் சொல்ல வேண்டும்.
அப்பாவின் முதலெழுத்து பெ.
பதிவுகாரர் ஒரு தாளில் பே என்றும்
இன்னொன்றில் பி என்றும் எழுதி வைத்திருக்கிறார்.
அதை நம்பி இறங்க முடியாது.

கடைசியில்: ஆலசம்_கழிவு.
வாயில் நுழையாத பேர்.
நுழையாததால்தான் வேறெவனும் வைக்கமாட்டான்.
நூற்றுப் பதினொரு செயற்கூறுக்கும் அதையே ஒட்டினேன்,
இதுவரை எதனோடும் மோதாதவைக்கும்.
விடியும்போது விரல் மரத்திருந்தது.

முப்பத்தொரு பேருக்கு நிலுவை.
(இந்த வரியில் பேர் என்பது ஆள்.)
சந்திரகாந்திக்குப் பதினெட்டு அரை,
ஒன்பது முழுப் பேராய்த் திரும்பிப் போனது.
மன்னிப்புக்கு ஒரு பேர் யோசித்து வைத்திருந்தேன்,
மென்பொருள் திருத்தம் என்று.
அவள் அதைக் கேட்கவில்லை. காசை எண்ணினாள்.
மறுபடியும் எண்ணினாள்.

கையெழுத்து வைக்கும் இடத்தில் பேனாவை நிறுத்தி
“முன்னுக்கு வீ போடணுமா?” என்றாள்.
போடுங்கள் என்றேன்,
கொஞ்சம் அவசரமாகவே.
பிறகு, கோயில்மலையும்.